பெயர் போட்டால் வரி, பொட்டலம் போட்டால் வரி!



மாதத்தின் முதல் வாரம் மளிகைக் கடையில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சமாளிக்க முந்தின இரவே துவரம் பருப்பையும் உளுந்தையும் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்துப் பொட்டலம் போட்டு அடுக்கி வைப்பது நம் அப்பன், பாட்டன் காலத்து வழக்கம். 2022 ஜூலை 18 முதல் இந்த வழக்கத்துக்கு 5 சதவீதம் விலை வைத்துவிட்டார்கள்.

வாடிக்கையாளர் கண்ணெதிரே நிறுத்துக் கட்டிக் கொடுத்தால் ஜி.எஸ்.டி. இல்லை. அவர் வருவதற்கு முன்பே கட்டி வைத்தால், பதிவு பெற்ற வணிகர் 5 சதவீதம் வசூலித்துக் கட்டியாக வேண்டும். பருப்பு அதே பருப்பு, தராசும் அதே தராசு. கட்டிய நேரம்தான் வேறு!

சீட்டு ஒட்டாமல் விட்டால் தப்பிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. எடையளவுச் சட்டப்படி சீட்டு ஒட்ட வேண்டிய பொட்டலம் என்றால், ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் வரி உண்டு. ஒட்டாததற்கு முத்திரை ஆய்வாளர் போடும் அபராதம் தனி. பெயர், முகவரி, எடை, விலை எல்லாம் போடு என்கிறது ஒரு துறை. போட வேண்டிய பொட்டலமா, எடு வரியை என்கிறது இன்னொரு துறை.

இந்தக் கூத்து 2022-ல் தொடங்கியதல்ல. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவு செய்த வணிகப் பெயரோடு பையில் அடைத்து விற்கும் அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம்; பெயர் இல்லாததற்கு வரி இல்லை. விளைவு என்ன? பலர் தங்கள் பெயர்ப் பதிவையே ரத்து செய்யக் கிளம்பினார்கள். உடனே அரசு, 2017 மே 15 அன்று பதிவில் இருந்த பெயர் பிறகு ரத்தானாலும் பதிவுப் பெயராகவே கருதப்படும் என்று கதவை அடைத்தது. பதிவு செய்யாத பெயரானாலும், அதன் மீது வழக்குத் தொடரும் உரிமை இருந்தால் வரி உண்டு என்றது. வரி வேண்டாம் என்பவர் அந்த உரிமையைத் தானாக விட்டுவிட்டதாக ஆணையரிடம் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதையே ஒவ்வொரு பையிலும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அழியாத மையில் அச்சிடவும் வேண்டும்!

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு வணிகனுக்குக் கல்லாப் பெட்டியை விடப் பெரிய சொத்து அவன் பெயர். கல் இல்லாத அரிசி, கலப்படம் இல்லாத மாவு என்று இருபது, முப்பது ஆண்டுகள் நின்று சம்பாதித்த நம்பிக்கை அது. அதே பெயரைப் பையில் போட்டு மட்டச் சரக்கை எவனாவது விற்றால் நீதிமன்றம் போக வணிகனுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குப் பட்டா எப்படியோ, பெயருக்கு அந்த உரிமை அப்படி. அதை விட்டுக்கொடு, 5 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு அரசே பேரம் பேசலாமா? நம்மில் பலர் அந்தப் பேரத்துக்கு உடன்பட்டோம். வேறு வழியில்லை, பக்கத்துக் கடைக்காரர் வரியில்லாமல் விற்கும்போது கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடுதலாகச் சொல்லி யாரால் வியாபாரம் செய்ய முடியும்?

பிறகு 2022-ல் பெயர் என்ற அளவுகோலே போய், பொட்டலம் என்ற அளவுகோல் வந்தது. உரிமையை விட்டேன் என்று எழுதிக் கொடுத்தவரும் அன்று முதல் வரி கட்டுகிறார்.

அடுத்தது சிப்பம். 25 கிலோ வரைதான் வரி. அதற்கு மேல் இல்லை. 26 கிலோ அரிசிச் சிப்பம் சந்தைக்கு வந்த கதை இதுதான். என் கிடங்கிலும் இருக்கிறது. சட்டப்படி சரிதான், ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது. எத்தனை கிலோ வேண்டும் என்பதை வாங்குபவரின் குடும்பமும் பையில் உள்ள காசும் தீர்மானிக்க வேண்டும். வரி அட்டவணை அல்ல. கிலோ 60 ரூபாய் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,560 ரூபாய் மொத்தமாகக் கொடுத்து 26 கிலோ எடுப்பவருக்கு வரி இல்லை. கையில் காசு குறைவாக இருந்து 5 கிலோ பை வாங்குகிற கூலித் தொழிலாளி 15 ரூபாய் வரி கொடுக்கிறார். ஏழைக்காகப் பேசுகிற அரசுக்கு இது தெரியாதா?

அரசுத் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.டி.க்கு முன்பும் தானியத்துக்கு மாநிலங்கள் வரி வாங்கின, பஞ்சாப் மட்டுமே கொள்முதல் வரியாக 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022-ல் விளக்கினார். பெயர் விலக்கைச் சிலர் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்றும் சொன்னார். இரண்டும் உண்மையே. பிரபலமான பெயரை வைத்துக்கொண்டே உரிமையில்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் நம் வரிசையிலும் இருந்தார்கள், மறைப்பானேன்? ஆனால் தப்பிக்க ஓட்டை இருந்தது சட்டத்தை எழுதியவர் தவறு. அதற்கு உளுந்து வாங்குகிறவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

வருவாய் போய்விடும் என்பதும் முழுக் காரணமாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் பொட்டலப் பனீருக்கும் சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் வரியை அடியோடு நீக்கினார்கள். பொட்டல அரிசியும் பருப்பும் மாவும் அப்போதும் 5 சதவீதத்திலேயே விடப்பட்டன. பனீருக்கு இரங்கிய மனம் பருப்புக்கு இரங்கவில்லை. கல்லாவில் வரவு குறைந்தால் நாம் முதலில் கடைச் செலவைத்தான் குறைக்கிறோம். செலவைக் குறைக்கும் பேச்சே இல்லாமல் வரவை மட்டும் தேடும் நிர்வாகத்துக்கு அரைக் கிலோ பொட்டலம்தான் கண்ணில் படும்.

நான் கேட்பது சலுகை அல்ல. அரிசி, பருப்பு, மாவு மூன்றுக்கும் கட்டிய நேரம், பையின் அளவு, பெயர் எதையும் பார்க்காமல் ஒரே விதி இருக்கட்டும். பனீருக்குச் செய்ததைப் போல வரியை நீக்குவதே அந்த விதியாக இருக்கட்டும். ஜி.எஸ்.டி. கவுன்சிலில் அமரும் நம் மாநில அமைச்சரிடம் கொடுக்கும் மனுவில் இந்த ஒன்றை மட்டும் எழுதுவோம். 2017-ல் பிரமாணப் பத்திரம் கொடுத்தவர்கள் அதன் நகலைத் தேடி எடுத்து, இன்று அதன் நிலை என்ன என்று ஆடிட்டரிடமும் வழக்கறிஞரிடமும் இப்போதே கேட்டு வையுங்கள்.