அரைமாத்திரை கேட்ட இரவு

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எங்கள் தெருவில் இரவு பத்துக்கு மேல்தான் செவிக்கு அமைதி வாய்க்கிறது. அவ்வேளையில் காலஞ்சென்ற என் ஆசிரியர் பாடஞ்சொன்ன ஒலிநாடாவைக் கேட்பது என் வழக்கம். அண்மையில் அதனை நண்பரொருவர் அமைத்துத் தந்த ‘ஏ’ வகுப்புத் திரான்சிஸ்டர் அம்பிளிபயரிற் கேட்டேன். 1969இல் லின்ஸ்லி ஹூட் என்னும் ஆங்கிலேயர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட அமைப்பு அது. வலிமை 10 வாட்டே. “கலியாண வீட்டுக்குப் போதாதே” என்று முதலில் நகைத்தேன்.

பிற அம்பிளிபயர்கள் பலவற்றில் ஒலியலையின் மேற்பாதியை ஒரு திரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கும். கைமாறுமிடத்தில் சிறு முறிவு நேரலாம். உரத்த ஒலியில் அது மறையும், மெல்லொலியில் உறுத்தும். ‘ஏ’ வகுப்பிலோ அவை ஒருகணமும் ஓய்வதில்லை.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை உரக்க வைத்து, மாணாக்கன் ஒருவனைத் திரைக்குப் பின்னிருந்து கருவிகளை மாற்றச் சொன்னேன். எது எதுவென எனக்குத் தெரியவில்லை, அதை மறைப்பானேன்? ஆசிரியர் குரலைத் தாழ்த்தி வைத்தபோதோ வேறுபாடு புலப்பட்டது. ‘பாக்கு’ என்னுஞ் சொல்லின் ஈற்றுகரம் அரைமாத்திரையாய்த் தேய்ந்தடங்கிற்று. குற்றியலுகரத்தை அவர் சொல்லித்தந்தது அவ்வாறே. முப்பதாண்டுகளாக நான்தான் வகுப்பில் அதை முழுவுகரமாக்கிக் கெடுத்திருக்கிறேன்.

ஆதலின், வாட்டைக் காட்டி விலைகூறும் வணிகரை விடுத்து, இரவில் மெல்லக் கேட்போர் இதனை நாடலாம் என்பதே என் துணிபு. குறையும் உண்டு. உண்ணும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகவே கழிகிறது. சித்திரைப் புழுக்கத்தில் அருகிலிருக்க முடிவதில்லை. மின்கட்டணச் சீட்டைக் கண்ட மனைவியார், ஆசிரியரை வாரம் ஒருமுறை மட்டும் எழுப்புமாறு பணித்திருக்கிறார்.