பொன்னாடை வேண்டாம், வழியை விடுங்க

ஒவ்வொரு டிசம்பர் 3உம் மாற்றுத்திறனாளிகள் தினம் வரும். பந்தல், ஒலிபெருக்கி, பிரதம அதிதி எல்லாம் இருக்கும். சக்கர நாற்காலியில வந்தவரை நாலு பேர் நாற்காலியோட தூக்கி மேடையில வைப்பாங்க. பொன்னாடை, படம், கைதட்டு. அந்த மேடைக்கு ஒரு சாய்வுப் பாதை போட நாலு பலகையும் ஒரு மேசனோ தச்சனோ போதும். தூக்குற படம்தான் முகநூலுக்கு நல்லாயிருக்கும் போல.

மிச்ச நாளெல்லாம்? இதைக் கேட்டா ஒரே பதில்தான்: "ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்குமே வழியில்ல, இதுல படமும் கடற்கரையும் கேட்குதா?" ஓம், கேட்குது. நாங்க யாரும் கச்சேரிக்குப் போறதுக்காக மட்டும் உயிர் வாழல. உடப்புத் தீமிதிக்கும் தலவிலத் திருவிழாவுக்கும் சனம் திரளுறது சாமி கும்பிட மட்டுமா?

சட்டம் இல்லாமலும் இல்ல. 2006 ஒக்டோபர்ல வந்த ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் எல்லாரும் பாவிக்கிற மாதிரி மாத்த மூணு வருசம் தவணை குடுத்துச்சு. கிரிக்கெட் நடுவரா இருந்த அஜித் பெரேரா, 1992இல ஓடுற கார் மேல மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2009இல அவரே உச்ச நீதிமன்றம் போனார். புதுக் கட்டடங்கள் இந்த விதிகளை மீறினா தண்டனைக்குரிய குற்றம் எண்டு 2011 ஏப்ரல்ல நீதிமன்றம் சொல்லிட்டுது. அதுக்குப் பிறகு எங்கட ஊர்களில எழும்பின மண்டபங்களின்ட வாசற்படியை நீங்களே எண்ணிப் பாருங்க.

கடற்கரை மணல்ல சக்கரம் உருளாது எண்டு சொல்றவங்களுக்கு: சென்னை மெரினாவில 2022 நவம்பர்ல 263 மீற்றர் நீளத்துக்கு மரப்பாதை போட்டாங்க. ரெண்டு கிழமைக்குள்ள மாண்டஸ் புயல் அதை உடைச்சுது. திருப்பிக் கட்டினாங்க. கற்பிட்டியில பட்டச் சறுக்கலுக்கும் டொல்பின் பார்க்கவும் வெள்ளைக்காரர் வாறதுக்கு நாங்க எவ்வளவு செய்றம்! எங்கட தெருவில இருக்கிறவர் அலையைக் கிட்டத்தில பார்க்க ஒரு பலகைப் பாதை பெரிய செலவா?

படி மட்டும்தான் பிரச்சினை எண்டும் நினைக்காதீங்க. காது கேட்காதவருக்கு வசன வரி வேணும், கண் தெரியாதவருக்குக் காட்சியைச் சொல்ற குரல் வேணும். 2023 ஜனவரியில, 'பதான்' படம் இணையத்துக்கு வாறப்ப ரெண்டும் இருக்கணும் எண்டு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுது. ஷாருக் கான் படத்துக்கு ஏலும் எண்டா, எங்கட வயசுக்காரர் போடுற மூணு நிமிச யூடியூப் காணொளிக்கு ஏலாதா? போன்லயே வசனம் அடிக்கலாம், காசும் போகாது.

அடுத்த முறை உலகக் கிண்ணத்துக்குப் பெருந்திரை கட்டப் போறம், நாடகம் போடப் போறம் எண்டு ரசீதுப் புத்தகத்தோட வாறவங்ககிட்ட முதல்ல கேளுங்க: சக்கர நாற்காலி எந்தப் பக்கத்தால உள்ள வரும்? சைகை மொழியில சொல்ல யார் நிக்கிறா? பதில் சொன்ன பிறகு காசைக் குடுக்கலாம்.