மெதுவாகப் பறந்த கேட்டலினா

இலங்கையின் தென்கரையில், காலிக்குப் பக்கத்தில் கொக்கலை என்று ஓர் ஏரி இருக்கிறது. 1942 ஏப்ரல் 4-ம் தேதி, பொழுது விடிவதற்கு முன்பே அந்த ஏரித் தண்ணீரிலிருந்து ஒரு விமானம் கிளம்பியது. ஓட்டியவர் லியோனார்ட் பிர்ச்சால் என்ற கனடாக்காரர். அவர் அங்கே வந்து சேர்ந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கூட எட்டுப் பேர். தெற்கே போய்க் கடலைப் பார்க்க வேண்டும், நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் தூரத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள்! நாலு மாதம் முன்பு பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு கப்பல்களில் ஐந்து, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தன. கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தூரம்.

பார்த்ததைச் சங்கேத மொழியில் வயர்லெஸ்ஸில் மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை பாதியில் இருக்கும்போதே ஜீரோ போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டு சுட ஆரம்பித்துவிட்டன. ஜீரோ மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பாயும். பிர்ச்சாலின் கேட்டலினா உயிரைக் கொடுத்துப் பறந்தாலும் 300-ஐத் தாண்டிக் கொஞ்சம் போகும். தப்பிக்க வழியே இல்லை. கடலில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். மீதி ஆறு பேரை ஜப்பானியக் கப்பல் ஒன்று பிடித்துப் போனது. “தகவல் அனுப்பினாயா?” என்று கேட்டு அடித்தார்கள். “இல்லை” என்றே சாதித்தார் பிர்ச்சால். போர் முடியும் வரை சிறைவாசம்.

அந்தத் தகவல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் பலவும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டன. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது அவை அங்கே இல்லை. ஆனால், இத்தனை விலை கொடுத்து வாங்கிய எச்சரிக்கைக்குப் பிறகும், ரத்மலானை விமானத்தளத்தில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் தரையில் நிற்கும்போதுதான் ஜப்பானியர் தலைக்கு மேல் வந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் ஆறாத இடம் இதுதான். ஏப்ரல் 9-ம் தேதி அதே படைப்பிரிவின் இன்னொரு கேட்டலினாவும் அந்தக் கப்பல் கூட்டத்தைக் கண்டுபிடித்தது. அதில் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

இவ்வளவு மெதுவான விமானத்தை எதற்காகப் போருக்கு அனுப்பினார்கள்? கேட்டலினாவின் பலமே பொறுமைதான். 1935-ல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்த இதற்கு அந்நாட்டுக் கடற்படை வைத்த பெயர் பிபிஒய். முதல் பி பேட்ரோல், இரண்டாவது பி பாம்பர், ஒய் என்பது தயாரித்த கன்சாலிடேட்டட் கம்பெனிக்கான எழுத்து. கேட்டலினா என்ற அழகான பெயரை வைத்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். சுமார் 4,000 கிலோமீட்டர் பறக்கும். உள்ளே படுக்க இடம் உண்டு, சாப்பாடு சூடு பண்ண அடுப்பு உண்டு. ஒருவர் தூங்க, ஒருவர் பார்க்க, நாள் முழுக்க வானத்திலேயே குடித்தனம் நடத்தலாம்.

அதற்கப்புறம் வந்த மாடல்களிலும் வேகத்துக்கு யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை. பார்வையைத்தான் கூட்டினார்கள். ஐந்தாவது மாடலில் விமானத்தின் இடுப்பில் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கொப்புளம் மாதிரி புடைத்த ஜன்னல்கள் நிரந்தரமாக இடம்பிடித்தன. அதில் உட்கார்ந்தால் பக்கவாட்டிலும் பார்க்கலாம், நேர் கீழேயும் பார்க்கலாம். பிர்ச்சால் ஓட்டியது இந்த வகைதான். அடுத்து வந்த 5ஏ-வுக்குச் சக்கரம் வைத்தார்கள். தண்ணீரிலும் இறங்கலாம், தரையிலும் இறங்கலாம். ஆனால் சக்கரத்தின் எடைக்கு ஈடாகப் பறக்கும் தூரம் குறைந்தது. அதனால் சக்கரமில்லாத வகைக்கும் மவுசு குறையவில்லை.

ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் 1943-ல் பெர்த் நகரத்துக்கும் அதே கொக்கலை ஏரிக்கும் நடுவே விமானம் விட்டபோது தேர்ந்தெடுத்தது சக்கரமில்லாததைத்தான். 5,600 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் எங்கும் இறங்காமல். எரிபொருளே எடையைத் தின்றுவிடும் என்பதால் பயணிகள் மூன்றே பேர். ஜப்பானியர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று வயர்லெஸ்ஸை வாய்மூட வைத்துவிட்டு, நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். 27 மணி நேரத்துக்குக் குறையாத பயணம். கிளம்பி இறங்குவதற்குள் இரண்டு சூர்யோதயம் பார்த்துவிடலாம். ஒரு விமானம்கூட வழியில் தொலையவில்லை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் செங்குன்றம் ஏரியில் அந்த நாளில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் மிதந்தன. அங்கிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவைக் காவல் காத்தன.

எனக்குப் பிடித்த வகை ஒன்று ஜிப்ரால்டர் ஜலசந்தியில் வேலை பார்த்தது. அங்கே ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தண்ணீருக்கு அடியிலேயே நழுவி மத்தியதரைக் கடலுக்குள் போய்விடும். எத்தனை கண்ணாடி ஜன்னல் வைத்தாலும் தெரியாது. நீர்மூழ்கி ஒரு பெரிய இரும்புக் கட்டி. பூமியின் காந்தப்புலத்தை அது லேசாகக் கலைக்கும். அந்தக் கலைசலைக் கண்டுபிடிக்கும் கருவியை கேட்டலினாவில் பொருத்தினார்கள். சிக்கல் என்னவென்றால், கருவி அடையாளம் காட்டும்போது விமானம் நீர்மூழ்கிக்கு நேர் மேலே வந்துவிட்டிருக்கும். ஓடும் ரயிலிலிருந்து ஒரு பொருளை நழுவவிட்டால் அது ரயில் போகும் திசையிலேயே கொஞ்ச தூரம் வந்துதானே விழும்? குண்டும் அப்படித்தான், இலக்கைத் தாண்டிப் போய் விழும். அதனால் குண்டை ராக்கெட் வைத்துப் பின்பக்கமாகச் சுட்டார்கள்! விமானம் எவ்வளவு வேகத்தில் முன்னால் போகிறதோ, அதே வேகத்தில் குண்டு பின்னால் போகும். இரண்டும் கழிந்து, குண்டு செங்குத்தாகக் கீழே இறங்கும். 1944 பிப்ரவரி 24 அன்று யு-761 என்ற நீர்மூழ்கி இப்படித்தான் அகப்பட்டது. கூட வந்த கப்பல்களும் விமானங்களும் சேர்ந்து அதன் கதையை முடித்தன.

மெதுவாகப் பறப்பதால் வந்த இன்னொரு வரவு, ஆள் காப்பாற்றும் வேலை. 1945 ஜூலை 30-ம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் போர்க்கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கடலில் தத்தளித்தார்கள். கீழே சுறாக்கள், மேலே வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை. யாரும் தேடி வரவில்லை. ஆகஸ்ட் 2-ம் தேதிதான், ரோந்து வந்த வென்ச்சுரா விமானம் ஒன்று தற்செயலாக அவர்களைப் பார்த்தது.

உதவிக்குப் பறந்து வந்தது ஏட்ரியன் மார்க்ஸ் ஓட்டிய கேட்டலினா 5ஏ. நடுக்கடலில் இறங்கக் கூடாது என்பது உத்தரவு. மனிதர்களைச் சுறா இழுப்பதை மேலிருந்து பார்த்த மார்க்ஸ், தன் ஆட்களைக் கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். அலை மோதியதில் விமானத்தின் மூட்டுகள் விட்டன. தனியாக மிதந்தவர்களை முதலில் ஏற்றினார். உள்ளே இடம் தீர்ந்ததும், மீதிப் பேரை இறக்கைமேல் படுக்கவைத்துப் பாராசூட் கயிற்றால் கட்டினார். மொத்தம் 56 பேர். ராத்திரி கப்பல் வரும் வரை அப்படியே அலையில் ஆடிக்கொண்டு கிடந்தார்கள்.

எல்லோரையும் கப்பலுக்கு மாற்றியானது. அந்தக் கேட்டலினாவால் இனி எழும்ப முடியாது என்று தெரிந்ததால், மறுநாள் கப்பல்காரர்களே அதைச் சுட்டு மூழ்கடித்தார்கள்.