பழைய கார் பத்திரிகைகளும் 192 ரூபாயும்

போன மாதம் லீவுக்கு வீட்டுக்குப் போனால் பரண் கால்வாசி காலி.

"எங்கம்மா, அப்பாவோட கார் புக்கெல்லாம்?"

"ஒரு சாக்கு மட்டும் எடைக்குப் போட்டேன்டா. மீதியை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்னிருக்கான்."

41 இதழ்கள். 16 கிலோ. கிலோ 12 ரூபாய். ஆக மொத்தம் 192 ரூபாய். அன்றைக்குச் சாயங்காலமே பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். "அதெல்லாம் நேத்தே லோடு போயிருச்சு தம்பி" என்றார் கடைக்காரர். போனவை எல்லாம் 1998 முதல் 2001 வரை வந்தவை. சாக்கில் கட்டி இருந்ததால் தூக்கிக் கொடுக்கச் சுலபமாக இருந்திருக்கிறது.

நிற்க. அப்பாவிடம் கார் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய வாகனம் ஒரு டிவிஎஸ் 50. ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஓவர்டிரைவும் ஆட்டோகார் இந்தியாவும் வாங்கியிருக்கிறார். மாசக் கடைசியில் டீச் செலவைக் குறைத்து வாங்கியதும் உண்டு. நான் கோபப்பட்டபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "விடுடா, நாம என்ன கார் வாங்கவா போறோம்?"

இந்தப் பதிவே அந்த ஒரு வரிக்கு எதிராகத்தான். அப்பாவுக்கு எதிராக இல்லை. அவரை அப்படிச் சொல்ல வைத்த உங்களுக்கும் எனக்கும் எதிராக.

முதலில் நம்ம வகுப்பு நண்பர்கள் சொல்வதைப் பார்ப்போம். "மச்சி, அது முழுசாத் தேய்மானம் ஆன சொத்து. எறிமதிப்பு 192 ரூபாய். வாங்கின காசு மூழ்கிய செலவு. அழுது பிரயோஜனம் இல்லை." பரீட்சைக்கு இந்தப் பதில் சரி. பத்து மார்க்கும் விழும். ஆனால் அதே புத்தகத்தில்தானே குறைந்துசெல் இருப்பு முறையில் மதிப்பு ஒருபோதும் பூஜ்யம் ஆகாது என்று படித்தோம்? அதைவிட முக்கியம், தேய்மானம் போடுவது காருக்கு. காரைப் பற்றிய பதிவேட்டுக்கு இல்லை. பழைய பேரேட்டை எடைக்குப் போடலாமா என்று எந்த ஆடிட்டரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

அடுத்த கட்சி: "எல்லாம்தான் நெட்ல இருக்கே!"

இல்லை சார். மாருதி 800-ன் எஞ்சின் எத்தனை சிசி என்பது நெட்டில் இருக்கிறது. முதல் வண்டியின் சாவியை 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கொடுத்தார் என்பதும் இருக்கிறது. ஆனால் 2003 மார்ச்சில் ஒவ்வொரு மாடலும் என்ன விலை, எத்தனை வாரம் காத்திருக்கணும், கடனுக்கு என்ன வட்டி என்று விளம்பரம் கூவியது, மைலேஜ் பற்றி வாசகர் என்ன புலம்பினார்? விலைப்பட்டியல் போடும் இணையப்பக்கம் புது விலை வந்ததும் பழசை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும். அச்சடித்த காகிதம் அப்படிச் செய்யாது. அந்த மாதம் சொன்ன பொய்யும் அந்த மாதத் தேதியோடு அப்படியே இருக்கும்.

இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1998-ல் சான்ட்ரோ, இண்டிகா, மாட்டிஸ் மூன்றும் சில மாத இடைவெளியில் வந்தன. அப்போதைய இதழ்களில் மூன்றும் சமமான போட்டியாளர்கள். அடுத்த வருடமே டேவூ குழுமம் கொரியாவில் கவிழும் என்று எழுதியவருக்கும் தெரியாது, முன்பணம் கட்டியவருக்கும் தெரியாது. இன்றைக்கு எழுதப்படும் கட்டுரையோ முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பிக்கிறது. நானோவும் அப்படித்தான். 2008 ஜனவரியில் டில்லி கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று காட்டினார்கள். பத்து வருடத்தில், 2018 வாக்கில், உற்பத்தி அடங்கிப்போனது. இப்போது "அது தோற்கும்னு அப்பவே தெரியும்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அப்பவே யாருக்குத் தெரிந்திருந்தது என்று 2008 இதழைப் புரட்டிப் பாருங்கள். நம்ம மறைமலைநகரில் 1999-ல் ஐகானோடு களமிறங்கிய ஃபோர்டு, 2021-ல் அறிவித்து 2022-ல் அங்கே கார் தயாரிப்பை நிறுத்தியது. அதை நம்பி வந்த குடும்பங்களின் கதை எழுத நாளைக்கு ஒருவர் உட்கார்ந்தால், ஆரம்ப காலத்து வாக்குறுதிகளை எங்கே போய்த் தேடுவார்? பேப்பர் மில்லிலா?

"இதையெல்லாம் லைப்ரரி பார்த்துக்கும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு நூலகத்தில் போய்க் கேட்டேன். "பழைய இதழை நாங்களே எடைக்குத்தான் போடறோம் தம்பி" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, இடம் இல்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று வீடு நிறையச் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு அந்தச் சேகரிப்பு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. அவர் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் கிலோக் கணக்குப் போட்டிருந்தால் அதற்கும் ஒரு விலை வந்திருக்கும்.

சரி, அப்படியானால் எல்லாரும் பரணில் மூட்டை கட்டி வைக்கணுமா? அதுவும் இல்லை. இங்கேதான் சேர்ப்பவர்களோடும் எனக்குச் சண்டை. பரணில் போடுவது பாதுகாப்பு இல்லை, தள்ளிப்போடுவது. கரையானும் ராமபாணப் பூச்சியும் மெதுவாகச் செய்வதைத்தான் பேப்பர் கடைக்காரர் ஒரே நாளில் செய்கிறார். வழவழத் தாளில் ஈரம் பட்டால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பலகை ஆகிவிடும். பட்டியல் இல்லாத சேகரிப்பு வெறும் பாரம். வாடகை வீடு மாறும்போதெல்லாம் அதைத் தூக்குபவர் அம்மா. அவர் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது.

"ஸ்கேன் செய்து நெட்டில் ஏத்திடு" என்பவர்களுக்கு: காகிதம்தான் நம்முடையது, எழுத்தும் படமும் இல்லை. பதிப்புரிமை அவர்களுடையது. சொந்தக் குறிப்புக்கு விலைப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது வேறு, முழு இதழையும் ஊருக்கு விநியோகிப்பது வேறு.

நான் செய்தது இது. மிச்சம் இருந்த 149 இதழ்களையும் கீழே இறக்கி, பெயர், மாதம், வருடம் போட்டு ஒரு நோட்டில் பட்டியல் எடுத்தேன். இரண்டாவது பிரதிகள் பதினொன்று பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கும் சித்தி பையனுக்குப் போயின. பூச்சி அரித்த ஆறு மட்டும் எடைக்கு. மீதி 132 வரிசை கலையாமல் பெட்டியில் இருக்கிறது, சுவரை ஒட்டாமல், தரையில் படாமல். தனித்தனியாக விற்க மாட்டேன். யாராவது மொத்தமாக வைத்துக் காப்பாற்றுவார்கள் என்றால் இலவசமாகவே தருவேன், பட்டியலோடு.

பட்டியல் எடுக்க இரண்டு ராத்திரி ஆனது. நான் எழுத, அப்பா மாதத்தைப் படித்துச் சொன்னார். சொல்லவேண்டியது மாதம் மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு இதழிலும் நின்றுவிட்டார். "இந்த இண்டிகா கம்பேரிசன் படிச்சியா? இவன் சஸ்பென்ஷனைப் பத்தி எழுதினது அப்படியே நடந்துச்சுடா."

கார் வாங்காதவருக்கு எதற்குக் கார் பத்திரிகை என்று இனி யாரும் கேட்காதீர்கள். வாங்கியவர்களுக்குக் காரே இருந்தது. படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் பத்திரிகையை வைத்திருந்தார்கள்.

பி.கு.: 1998-2001 இதழ்களை யாராவது எடைக்குப் போடுவதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். கிலோவுக்கு 15 ரூபாய் தருகிறேன். கடைக்காரரைவிட மூன்று ரூபாய் அதிகம்!