சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?



நம்ம ஊர் என்றாலே ஜல்லிக்கட்டுதான். சுவர் இதழுக்கு யார் எழுதினாலும் காளையைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். நான் எழுத வந்தது அதைவிட ரொம்பச் சின்ன விஷயம். எஸ்.எம்.எஸ்.! அதாவது குறுஞ்செய்தி. "வாட்ஸ்அப் காலத்துல எஸ்.எம்.எஸ்.ஸை எவன்டா பார்க்கிறான்?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படிச் சிரித்தவன்தான். போன ஐப்பசி மாதம் என் சிரிப்பு நின்றுபோனது.

ஒரு சான்றிதழுக்காக என் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த அக்கா, "பாட்டி நம்பருக்கு ஓ.டி.பி. வரும், சொல்லுப்பா" என்றார். பட்டன் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. மறுபடி அனுப்பினார். வரவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, ரீசார்ஜ் முடிந்து பல நாள் ஆகிவிட்டது. மழை நேரம், காட்டு வேலை இல்லை, யாரும் கவனிக்கவில்லை. போடுவோம் என்றால் இருநூறு ரூபாய்க்குப் பக்கத்தில் கேட்டார்கள். அப்பத்தாவின் சுருக்குப்பையில் அவ்வளவு இல்லை. திரும்பி வந்துவிட்டோம்.

வரும் வழியில் அப்பத்தா ஒரு கேள்வி கேட்டது. "ஏய்யா, எனக்கு வர்ற சேதிக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்? தபால்காரரு கடுதாசி குடுத்தா காசா கேட்டாரு? அனுப்புறவன்தான ஸ்டாம்பு ஒட்டுவான்?"

நான் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் மாணவன். ஆனாலும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. உலகத்தின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற இளைஞர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு போனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அப்புறம் நம்ம நாட்டுக்கும் வந்தது. என் மாமா காலேஜ் படித்த காலத்தில் அதுதான் உயிராம். எஸ்.எம்.எஸ்.ஸுக்கென்றே தனியாக ரேட் கட்டர் போடுவார்களாம். ஆனால் பொங்கல், தீபாவளி, புத்தாண்டு வந்தால் அந்த ரேட் கட்டர் வேலை செய்யாதாம்! அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு வாழ்த்துக்கும் முழுக் காசு. "பொங்கலுக்குக் கரும்பு கட்டே வாங்கியிருக்கலாம்டா, அவ்வளவு காசு போச்சு" என்பார் மாமா.

பிறகு விளம்பர எஸ்.எம்.எஸ். தொல்லை பெருகியது. அதைத் தடுக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2011-ல் ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். என்று வரம்பு வைத்தது. சில வாரங்களில் அதை 200 ஆக்கியது. 2012-ல், ஒரு நாளில் 100-ஐத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 காசு என்று ஆணையிட்டது. அந்த 50 காசு விதி 2020 ஜூனில்தான் நீங்கியது. தொல்லையைத் தடுக்க வரம்பு வைத்தது நியாயம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கேள்வி வேறு. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்ப அப்படி என்னதான் செலவு?

ஒரு எஸ்.எம்.எஸ். வெறும் 140 பைட். ஒரு ஜி.பி. டேட்டாவில் இப்படி ஏறத்தாழ 71 லட்சம் எஸ்.எம்.எஸ். அடங்கும். (100 கோடியை 140-ஆல் வகுத்துப் பாருங்கள்!) டவரும் போனும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த வழியிலேயே ஓரமாக ஏறிப் போகட்டும் என்றுதான் இதை முதலில் வடிவமைத்தார்கள். கரும்பு வண்டியில் தொற்றிக்கொண்டு போகிற சின்னப் பையன் மாதிரி. தை மூன்றாம் நாள் வாடிவாசல் பக்கம் நின்று பாருங்கள். கூட்டத்தில் வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே நிற்கும். "எங்க நிக்கிற?" என்று எஸ்.எம்.எஸ். போட்டால் போய்ச் சேர்ந்துவிடும். அவ்வளவு லேசான பொருள் அது.

இவ்வளவு லேசான பொருளை வாங்க அப்பத்தா எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது?

ஒரு காலத்தில் ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் நம்பர் உயிரோடு இருக்கும். போன் வரும், மெசேஜ் வரும். 2018 கடைசியில் சில கம்பெனிகள் 28 நாளுக்கு 35 ரூபாய் போட்டால்தான் இணைப்பு இருக்கும் என்றன. 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் ஆரம்ப பேக் 179-லிருந்து 199 ரூபாய் ஆனது. இதில் டேட்டாவும் சேர்ந்தே வரும். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு டேட்டா எதற்கு? பல் இல்லாதவருக்குப் பக்கோடா பொட்டலம் கட்டிக் கொடுத்த கதைதான்!

இந்தக் குறை டெல்லி வரைக்கும் போனது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. பாராட்டுவோம். ஆனால் விலை இவ்வளவுதான் என்று அது சொல்லவில்லை. 2025 ஜனவரியில் பேக்குகள் வந்தன. ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், 1000 எஸ்.எம்.எஸ். ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 900 எஸ்.எம்.எஸ். ஒரு வருஷத்துக்கு வேண்டுமென்றால் ஏர்டெல்லில் 1849 ரூபாய், 3600 எஸ்.எம்.எஸ்.

இப்போது கணக்குப் போடுவோம். 28 நாளுக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 199 × 13 = 2587 ரூபாய். மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்கு 1849 ரூபாய். வித்தியாசம் 738 ரூபாய்.

கவனியுங்கள் நண்பர்களே! கையில் 1849 ரூபாய் மொத்தமாக வைத்திருப்பவர் குறைவாகக் கட்டுகிறார். அன்றாடங்காய்ச்சி அதிகமாகக் கட்டுகிறார். தனக்கு வேண்டாத டேட்டாவையும் சேர்த்து வாங்குகிறார். மளிகைக் கடையில் ஷாம்பு பாக்கெட் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழைக்கென்று சின்ன பாக்கெட் போடத் தெரிந்த நாடு இது. போன் பேக்கில் மட்டும் பெரிய பாட்டில்தான் வாங்க வேண்டுமா?

"வேண்டாம்னா போனை விட்டுட வேண்டியதுதான" என்று என் பெஞ்சு நண்பன் சொன்னான். விட முடியுமா? ரேஷனில் பொருள் வாங்கினால் எஸ்.எம்.எஸ். வருகிறது. நாம் வாங்காத பொருளுக்கு யாராவது பில் போட்டால் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பேங்க்கில் பணம் ஏறினால், இறங்கினால் எஸ்.எம்.எஸ். ஆதாருக்கு ஓ.டி.பி. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் அப்பத்தாவுக்கு வருகிறது. அது வந்துவிட்டது என்று சொல்வதும் எஸ்.எம்.எஸ்.தான். அந்தச் சேதியைக் கேட்க, வந்த பணத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைப் போனுக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைத்தான் பெரியவர்கள் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றார்கள்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நம் தமிழுக்குத் தனி ரேட்! இங்கிலீஷ் எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'அலங்காநல்லூர்' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு 8 எழுத்து, போனுக்கு 13. இங்கிலீஷில் எழுதினால் 160-ல் 12 போகும், தமிழில் எழுதினால் 70-ல் 13 போகும். 70-ஐத் தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ். கணக்கு. கம்ப்யூட்டர் எழுத்துக் குறியீட்டின் காரணமாக இப்படி ஆகிறது, யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனாலும் தாய்மொழியில் எழுதுகிறவனுக்குப் பேக் சீக்கிரம் தீர்வது நியாயமா? தமிழ் ஐயா அவர்களே, இதை நீங்கள் வகுப்பில் கேட்க வேண்டும்!

நான் கேட்பது இலவசம் அல்ல. மூன்றே விஷயம்தான். ஒன்று, பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் ஒரு மாதக் கணக்கிலும் வேண்டும். வருஷ பேக்கில் ஒரு நாளைக்கு என்ன விலையோ அதே விலைக்கு வேண்டும். 1849-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 5 ரூபாய் சொச்சம். மாதத்துக்கு 150 ரூபாய் சொச்சம்தான் வரும். இரண்டு, ரீசார்ஜ் தீர்ந்தாலும் அரசாங்கமும் பேங்க்கும் அனுப்பும் எஸ்.எம்.எஸ். வந்து சேர வேண்டும். அனுப்புகிறவர்தான் காசு கட்டி அனுப்புகிறாரே! மூன்று, தமிழ் எஸ்.எம்.எஸ். 70-ஐத் தாண்டினாலும் 160 வரை ஒன்றாகவே எண்ண வேண்டும்.

இது கம்பெனிகளுக்கும் டிராய்க்கும். நமக்கும் வேலை இருக்கிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியின் பட்டன் போனை எடுத்துப் பாருங்கள். என்ன பேக், எப்போது தீருகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். வந்திருக்கும் மெசேஜை வாசித்துச் சொல்லுங்கள். பேக் பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறலாம். மாறுவதற்கான எஸ்.எம்.எஸ்.ஸை 1900-க்கு அனுப்ப எந்த பேக்கில் இருப்பவரையும் அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவு போட்டிருக்கிறது. விலை அடிக்கடி மாறும், அதனால் கடையில் கேட்டு, கணக்குப் போட்டு, பிறகு காசைக் கொடுங்கள்.

மறுநாள் அப்பா கூலியில் ரீசார்ஜ் போட்டோம். கொஞ்ச நேரத்தில் அப்பத்தாவின் போனில் 'டிங்... டிங்...' என்று வரிசையாக வந்து விழுந்தன. "என்னய்யா சேதி?" என்று ஆசையாகக் கேட்டது. வாசித்தேன். ஏழு எஸ்.எம்.எஸ்.ஸில் ஐந்து, ரீசார்ஜ் செய்யச் சொல்லி வந்தவை.

சிந்திப்போம்! கணக்குப் போடுவோம்! கேட்போம்!



இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவு மாணவன்
(பிழை இருந்தால் பென்சிலால் மட்டும் திருத்தவும்!)