மட்டாஞ்சேரியின் சாப்பா: மீறல் எது என்று முடிவு செய்வது யார்?

கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலை கேட்டு வருவோர் விடியலிலேயே திரண்டு நிற்பர். கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் அன்று எத்தனை ஆட்கள் தேவையோ அத்தனை உலோக வில்லைகளுடன் ஒப்பந்தக்காரரின் மூப்பன் வருவான். தமிழ்நாட்டுத் தோட்டங்களும் இலங்கைத் தோட்டங்களும் அறிந்த கங்காணியின் துறைமுக வடிவமே அவன். வில்லைகளை எண்ணிக் கொடுக்காமல் கூட்டத்தின் நடுவே வீசியெறிவான். கைக்கு வில்லை கிடைத்தவனுக்கு அன்று கூலி உண்டு. கிடைக்காதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. நூறு கைகள் ஒரு வில்லைக்காக மண்ணில் புரண்டன. அந்த வில்லையின் பெயர் சாப்பா.

மலையாளத்தில் சாப்பா என்ற சொல்லுக்கு முத்திரை என்றும் பொருள் உண்டு. ஒருவரை இன்னவர் என்று பெயர் சூட்டி ஒதுக்கிவைப்பதை ‘சாப்பா குத்துதல்’ என்பர். வேலைக்கான வில்லைக்கும் ஒதுக்குவதற்கான முத்திரைக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் மட்டாஞ்சேரியின் வரலாற்றில் இவ்விரண்டும் ஒரே கையிலிருந்துதான் வந்தன.

சமூகவியலின் தொடக்கப் பாடம் மாணவருக்கு மூன்று கருத்துகளை அறிமுகம் செய்கிறது. சமூகத்தின் நெறிகளை மனிதன் கற்றுக்கொள்வது சமூகமயமாதல். அவன் எவரோடு சேர்ந்து ‘நாம்’ என்கிறானோ அது சமூகக் குழு. நெறியை மீறுவது பிறழ்வு. இந்த வரையறைகள் கேட்பதற்குத் தெளிவாக இருக்கின்றன. ஆனால் நெறியை வகுத்தவர் யார், அது எவருக்கு ஆதாயம் என்ற கேள்வி பாடத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. அக்கேள்வியை நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது மட்டாஞ்சேரி.

சாப்பா முறை வேலை பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு மட்டுமாக இருக்கவில்லை. அது ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. பக்கத்தில் நிற்பவன் உன் கூலியைப் பறிக்க வந்தவன் என்பது அதன் முதல் பாடம். மூப்பனின் முகம் கோணாமல் நடந்துகொள் என்பது இரண்டாம் பாடம். வேலை என்பது உரிமையன்று, எறியப்படும் பிச்சை என்பது மூன்றாம் பாடம். வீட்டில் தாய் கற்பித்த பரிவையும், பள்ளிவாசலும் தேவாலயமும் போதித்த சகோதரத்துவத்தையும் அந்த அரை நாழிகை நாள்தோறும் அழித்தெழுதியது. தொழிலாளர் தமக்குள் அடித்துக்கொள்வதைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள், ‘இவர்கள் முரடர்கள்’ என்றனர். முரட்டுத்தனத்தைக் கற்பித்த ஏற்பாட்டுக்கு ‘துறைமுக ஒழுங்கு’ என்று பெயர்.

அந்த ஒழுங்கை மறுத்தவர்கள்தான் குற்றவாளிகள் ஆனார்கள். சாப்பா எறிவதை நிறுத்து, வேலையை முறைப்படி பகிர்ந்து கொடு என்று தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி. கூலியும் மானமும் கேட்ட போராட்டம் அரசின் கண்ணுக்குச் சட்டம்-ஒழுங்குப் பிரச்சனையாகவே தெரிந்தது. 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. செய்துவும் செய்தலவியும் குண்டுக்குப் பலியாயினர். ஆண்டனி காவலர்களின் அடியில் உயிர்விட்டார். ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த ‘துறைமுகம்’ திரைப்படம் இந்தப் போராட்டத்தையே பேசியது.

சட்டத்தின் பேனா முனையில் பிறழ்வு பிறப்பதை மார்க்ஸ் தம் இளம் வயதிலேயே கண்டார். ரைன் மாகாணச் சட்டமன்றம், காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளிகளை ஏழைகள் பொறுக்குவதைத் திருட்டாக்க முனைந்ததை 1842இல் ரைன் செய்தித்தாளில் அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். நேற்றுவரை வழக்கமாக இருந்தது இன்று குற்றமாகிறது. மாறியது சுள்ளி பொறுக்கியவரின் நடத்தையன்று, காட்டுக்கு உரிமையாளர் என்று வந்தவரின் ஆதாயம். நூற்றிருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1963இல், அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் இதனருகே வந்தார். பிறழ்வு என்பது செயலின் இயல்பில் இல்லை, பிறர் விதியைப் பொருத்தி முத்திரை குத்துவதில் இருக்கிறது என்றார் அவர். முத்திரைக் கட்டையைப் பிடித்திருக்கும் கை எந்த வர்க்கத்தின் கை என்பதை மார்க்சிடமிருந்துதான் நாம் கற்கவேண்டியிருக்கிறது.

தமிழ் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறக்கப்போகும் குழந்தைக்கும் முன்கூட்டியே சாப்பா குத்தியது. கைரேகை வைக்க மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடத்தப்பட்ட துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் மாண்டனர். அச்சட்டம் 1952இல் நீங்கியது. மட்டாஞ்சேரியில் குண்டுகள் பாய்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு. சட்டம் போனாலும் அதன் பார்வை காவல் நிலையங்களை விட்டுப் போய்விடவில்லை.

செய்து, செய்தலவி, ஆண்டனி என்ற மூன்று பெயர்களும் இன்னொரு பாடத்தைச் சொல்கின்றன. மட்டாஞ்சேரி பல மொழிகளும் பல மதங்களும் நெருங்கி வாழும் ஊர். கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் யூதர்களும் தமிழரும் தத்தம் தெருக்களில், தத்தம் வழிபாட்டிடங்களைச் சுற்றிக் குழுக்களாக வாழ்ந்த ஊர். பிறப்பால் அமைந்த குழுக்களின் வேலிகளுக்கு வெளியே, செய்த வேலையால் அமைந்த ஒரு புதிய ‘நாம்’ துறைமுகத்தில் உருவாயிற்று. சாப்பாவுக்காக ஒருவர் கையை ஒருவர் மிதித்தவர்கள் ஒரே கொடியின் கீழ் நின்றது எளிதில் நடந்ததன்று. சங்கம் அவர்களுக்கு மறுபடியும் அரிச்சுவடி கற்பித்தது. பக்கத்தில் நிற்பவன் பகைவனல்லன் என்பதே அந்த அரிச்சுவடியின் முதல் எழுத்து.

இலண்டன் துறைமுகத்திலும் இதே கதைதான். அங்கும் வாயிலில் முண்டியடித்தவருக்கே வேலை. 1889இல் மணிக்கு 6 பென்னி கூலியும் குறைந்தது 4 மணி நேர வேலையும் கேட்டு நடந்த மாபெரும் வேலைநிறுத்தம் வென்றது. எனினும் வேலையை முறைப்படுத்தும் தேசியத் திட்டம் அங்கு வந்தது 1947இல்தான். இந்தியாவில் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. கொச்சிக்கான திட்டம் 1959இல் வந்தது. சட்டப் புத்தகத்துக்கும் கொச்சிக் கரைக்கும் இடையிலான பதினோரு ஆண்டுகளுக்கு நடுவில்தான் மூன்று உயிர்கள் போயின. நேற்றைய ‘பிறழ்வு’ இன்றைய சட்டமாவது இப்படித்தான்.

அளவுகோல் உழைப்பவர் கைக்கு வரும்போது பொறுப்பும் கூடவே வருகிறது. சுமை தூக்காமல் நின்று பார்த்ததற்கே கேட்கப்பட்ட ‘நோக்குக்கூலி’ கேரளத்தில் தொழிற்சங்கங்களின் பெயரைக் கெடுத்தது. சங்கத்தையே குண்டர் கூட்டம் என்று சாப்பா குத்தக் காத்திருந்தவர்களுக்கு அது வசதியாயிற்று. 2018 மே நாளில் இடது ஜனநாயக முன்னணி அரசு அதற்கு முடிவுகட்டும் நடவடிக்கையை எடுத்தது. உழைக்காமல் கூலி பெறுவது சுரண்டுபவரின் நெறி. அது உழைப்பவரின் நெறியாக முடியாது. தம் அணிக்குள் எது பிறழ்வு என்று தாமே சொல்லும் துணிவு இருக்கும்வரைதான் சங்கம் பள்ளிக்கூடமாக இருக்கும்.

இன்று சாப்பா மண்ணில் விழுவதில்லை. கைபேசித் திரையில் ஒளிர்ந்து மறைகிறது. உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞர் தெருமுனையில் வண்டியோடு காத்திருக்கிறார். மூப்பனின் இடத்தில் செயலி இருக்கிறது. அதன் மதிப்பெண் குறைந்தால் வேலை குறையும். கேள்வி கேட்டால் கணக்கு முடக்கப்படும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களுக்குப் பெயர் வைத்தது. அந்தப் பெயரை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்தே வரையறுத்தது. துறைமுகத்தில் முண்டியடித்தவர்கள் ஒருவர் முகத்தையாவது ஒருவர் பார்த்தனர். செயலியின் சாப்பாவுக்காக ஓடுபவர் தம் போட்டியாளரைக் காண்பதே இல்லை. ‘நாம்’ என்ற சொல் பிறக்கவேண்டிய இடத்தையே முதலாளித்துவம் இம்முறை அகற்றிவிட்டது.

ஆகவே வேலை தொடங்குமிடம் அதுதான். தெருமுனைக் காத்திருப்பைச் சந்திப்பாக மாற்றுவதும், தனித்தனித் திரைகளைப் பார்க்கும் கண்களை ஒன்றையொன்று பார்க்கவைப்பதும் இன்றைய தொழிற்சங்கத்தின் முதல் கடமை. அதைச் செய்ய முன்வருவோரின் நெற்றியிலும் ஒரு சாப்பா விழும். அந்தச் சாப்பாவுக்கு அஞ்சாதவர்களால்தான் மட்டாஞ்சேரியில் மற்றச் சாப்பா ஒழிந்தது.