சூரியனுக்குச் சொந்தக்காரன் யார்?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவன் கடலுக்குப் போகக்கூடாது. அன்றையப் பிழைப்பு போயிற்று! அவன் தலைக்கு மேலே ஏறிப் போகும் செயற்கைக்கோளுக்கோ சூரிய ஒளியே மின்சாரம். கீழே ஆண்டிக்குப்பத்திலும் கோட்டைக்குப்பத்திலும் இரவில் படகேறுகிறவன் விளக்குக்கும் பாட்டரிக்கும் தன் கைக்காசைக் கொட்டுகிறான். இது என்ன நியாயம்?

விஞ்ஞானம் இன்று புதுவழி காட்டுகிறது. சிலிகன் தகடு செய்ய 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். ஆனால் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை மையாகக் கரைத்து, பத்திரிகை அச்சடிப்பதுபோல், சுருள் சுருளாக மெல்லிய தாளில் அச்சடித்து விடலாம். ஒளியை வாங்கும் பூச்சு தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இத்தகைய பிளாஸ்டிக்கைக் கண்டறிந்த ஹீகர், மக்டியார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

“முதலாளிகளிடம் விடுங்கள், மலிவாகத் தருவார்கள்” என்று உபதேசிக்கிறார்கள் சிலர். தந்தார்களா? அமெரிக்காவில் லோவல் என்ற பழைய பஞ்சாலை நகரில், ஹீகரும் சேர்ந்து 2001-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். நம் கொனார்க் சூரியன் கோயிலை நினைத்து ‘கொனார்க்கா’ என்று பெயர் வைத்தார்கள். சர்க்கார் பணமும் வாங்கினார்கள். லாபம் வரவில்லை, மேலும் பணம் போட ஆளில்லை. 2012-ல் திவால்! தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள்.

குறையை நாம் மறைக்கவில்லை. காற்றும் ஈரமும் பட்டால் இந்தப் பூச்சு கெடும்; சிலிகனைப்போல் 25 வருஷம் உழைக்காது. ஏரிக்கரையின் உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்று சோதிக்காமல் லாப வேட்டைக்காரன் விற்றால், கெட்ட தாள் ஏரியில் மிதக்கும். வலையில் இறாலுக்குப் பதில் அதுதான் ஏறும்!

கான்பூர் ஐ.ஐ.டி.யில் வளையும் மின்னணுச் சாதனங்களுக்கென மத்திய சர்க்கார் பணத்தில் ஒரு தேசிய மையம் இருக்கிறது. ஜனங்கள் பணத்தில் வளர்ந்த வித்தை ஜனங்களின் சொத்து. ஆகவே நாம் கேட்கிறோம்:

பொதுத்துறையில் அச்சடி! பழவேற்காட்டு உப்புக்காற்றில் சோதித்துப் பார்! மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கொடு! கெட்ட தாளைத் திரும்ப எடு!

மில் தோழனே, வயல் தோழனே! இயந்திரம் நமக்குப் பகையல்ல. அது யார் கையில் என்பதே கேள்வி. தறியில் நின்றவனுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டுமா? சூரியனுக்குப் பட்டா போட எவனாலும் முடியாது. சூரியனைப் பிடிக்கும் தாளுக்குப் பட்டா போட மட்டும் ஏன் விட வேண்டும்?